ஒப்புகை அட்டையைக் கேட்டு வாங்கிய என் நண்பன்

(மறைந்த தோழர் ஒருவரின் படத்திறப்பு நிகழ்வில் அவருடைய நண்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அவர் எழுதிக் கொடுத்த சில புகார்கள் மீதான வழக்குகள் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் அவர் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம்.)



மேடையில் பேசி எனக்குப் பழக்கமில்லை. நாற்பத்தைந்து வருஷமாக நான் பேசியதெல்லாம் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிரே இருக்கிற கண்ணாடியைப் பார்த்துத்தான். நான் முடிதிருத்தும் தொழிலாளி. இங்கே உட்கார்ந்திருக்கிற வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள் எல்லாரையும் விட்டுவிட்டு என்னைப் பேசச் சொன்னது அவனுடைய மகள்தான். "அப்பாவைப் பத்தி மத்தவங்க பேசினா போராளின்னு பேசுவாங்க. நீங்க பேசினாத்தான் அப்பாவா இருப்பார் பெரியப்பா" என்று சொன்னாள்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் "அவர்" என்று சொன்னார்கள். எனக்கு அது வராது. ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் அவன். "அவன்" என்றே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் மதுரைப் பக்கத்தில் ஒரே ஊரில் பிறந்தவர்கள். ஒரே ஊர் என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. நான் ஊரின் ஓரத்தில் இருந்தேன். அவன் ஊருக்கு வெளியே இருந்தான். என் அப்பா ஊருக்கெல்லாம் முடி வெட்டி, சவரம் செய்து, கல்யாணம் சாவு எல்லாவற்றுக்கும் தொழில் பார்த்தவர். அதற்குக் கூலியாகக் காசு கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்து மேட்டில் போய் நிற்கவேண்டும். அவரவர் மனசுக்கு ஏற்றபடி நெல் அளந்து போடுவார்கள். அந்த நெல்லுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சேரிக்காரர்களுக்கு என் அப்பா முடி வெட்டக்கூடாது. ஊர்க்காரர்கள் தலையில் வைத்த கத்தி அவர்கள் தலையில் படக்கூடாது.

அதனால் சேரியில் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்வார்கள். இவன் தலையை இவன் அப்பா வெட்டிவிடுவார். துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் வெட்டிய தலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் என்னையும் விடமாட்டார்கள். என் சாதிப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் இன்றைக்கும் சினிமாவில் வசவாக வருகிறது. ஆக, ஒரே பெஞ்சுக்கு எங்களைத் தள்ளியது அந்த வகுப்பறைதான். நண்பர்கள் ஆனது மட்டும் எங்கள் சொந்த வேலை.

பாபாசாகேப் அம்பேத்கர் சாதியைப் படிநிலைப்படுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று சொன்னார். மேலே இருப்பவர் மிதிப்பது பாதிதான். மிதிபடுகிறவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதலைக் கொடுத்து வைத்திருப்பதுதான் மீதிப் பாதி. என் அப்பா களத்து மேட்டில் கை கட்டி நிற்பார். அதே அப்பாவின் கத்தியை வைத்துத்தான் சேரியைத் தள்ளி வைத்தார்கள். இதையெல்லாம் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னாலேயே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவன் அதைச் சொல்லிப் புரியவைத்தான், நான் கேட்டுக்கொண்டேன்.

1980இல் பக்கத்து டவுனில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சின்ன சலூன் போட்டேன். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, ஒரு ரேடியோ. கடை திறந்த மூன்றாம் நாள் அவன் வந்தான். உள்ளே இருந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதில் உட்காராமல் ரோட்டைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தான். "உள்ள உட்காரு, காத்து வரும்" என்றேன். "காத்து வேணாம் மாப்ள, கண்ணு வேணும். நான் உட்கார்ந்திருக்கறத நாலு பேரு பார்க்கணும்" என்றான்.

பார்த்தார்கள். எங்கள் ஊரிலிருந்து டவுனுக்கு வருகிறவர்களில் சிலர் அன்றோடு என் கடைக்கு வருவதை நிறுத்தினார்கள். என் அக்கா மாப்பிள்ளை வீட்டார் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். அந்த வருஷம் களத்தில் என் அப்பாவுக்கு நெல் குறைந்தது. ஒருநாள் ராத்திரி நான் அவனிடம் கொஞ்சம் பெருமையாகவே, "உனக்காக நான் எவ்வளவு பேரைப் பகைச்சுக்கிட்டேன் பார்த்தியா" என்றேன். அவன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான். "எனக்கு நீ ஒன்னும் உதவி செய்யலடா. எனக்கு முடி வெட்ட மதுரைல ஆயிரம் கடை இருக்கு. உன் கத்தி இத்தனை வருஷமா ஊர்க்காரன் வீட்ல அடமானத்துல கெடந்துச்சு. அதை நீ மீட்டுக்கிட்ட. அதுக்கு நான் சாட்சி, அவ்வளவுதான்."

இளைஞர்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கு நிறைய பேர் தலித் மக்களுக்கு ஆதரவாக நிற்கிறோம் என்கிறார்கள். நல்லதுதான். அவர்களுக்குப் பரிந்து நிற்பதாக நினைத்தால் கொஞ்ச நாளில் அலுத்துப்போகும். நாம் மாட்டியிருக்கிற இடத்திலிருந்து நம்மை விடுவித்துக்கொள்கிறோம் என்று நினைத்தால் அலுக்காது. எனக்கு நாற்பத்தைந்து வருஷமாக அலுக்கவில்லை.

அவன் என்னை "மாப்ள" என்பான். நானும் அவனை "மாப்ள" என்பேன். மதுரைப் பக்கம் சிநேகிதர்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒரே சாதிக்குள் இருந்தால் அது விளையாட்டுப் பேச்சு. சாதி தாண்டிக் கூப்பிட்டால் அது வேறு. மாப்பிள்ளை என்றால் பெண் கொடுக்கிற முறை, எடுக்கிற முறை. ஒருநாள் கடைவீதியில் அவன் சத்தமாக "மாப்ள" என்று என்னைக் கூப்பிட்டான். கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் என்னிடம் வந்து, "முறை வச்சுக் கூப்பிடுற அளவுக்கு வந்துட்டானா? நீயும் கேட்டுக்கிட்டு நிக்கிற" என்றார். நான் அவனிடம் சொன்னேன். "முறை வச்சுக் கூப்பிட்டாலே உடைஞ்சு போயிருமா அவங்க சாதி? அப்ப தினமும் கூப்பிடுவோம்" என்றான். தினமும் கூப்பிட்டான். கடைசி வரைக்கும்.

அவனுடைய வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் தபால்காரன். முதலில் கிராமத்தில் இ.டி. ஊழியராகச் சேர்ந்தான். பிறகு பரீட்சை எழுதி இலாகா தபால்காரன் ஆனான். செருப்புப் போட்டுக்கொண்டு சேரிக்காரர்கள் நடக்கக்கூடாத தெரு ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. அந்தத் தெருவில் காக்கிச் சட்டையும் செருப்பும் போட்டு, சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனான். சர்க்கார் தபாலை யார் தடுப்பது?

கடிதத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். வைப்பான். மணியார்டர் வந்தால்தான் சங்கடம். ஒரு வீட்டில் மிலிட்டரியில் இருக்கிற மகன் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவார். அந்த அம்மா, "கீழ வச்சுட்டுப் போ தபாலு, எடுத்துக்கிறேன்" என்பார். இவன், "ஆத்தா, பணத்தைக் கையில குடுக்கணும்னு ரூலு. ரேகை வாங்கணும், சாட்சிக் கையெழுத்து வாங்கணும். கீழ வச்சா என் வேலை போயிரும்" என்று சொல்லி நிற்பான். கை நீட்டி வாங்கினால்தான் பணம். முதல் மாதம் அந்த அம்மா முந்தானையை விரித்து அதில் போடச் சொன்னார். இரண்டாம் மாதம் விரல் நுனியில் வாங்கினார். ஒரு வருஷம் கழித்து, "வெயில்ல வந்திருக்க, மோர் குடிக்கிறியா?" என்று கேட்டார். எந்த டம்ளரில் என்று நான் கேட்டேன். "அதையும்தான் நான் கேட்டேன் மாப்ள. வீட்டு டம்ளர்னா குடிக்கிறேன் ஆத்தான்னேன்" என்றான். கொடுத்தாரா என்று கேட்கிறீர்களா? அந்த வருஷம் கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

அவனுடைய போராட்டம் எல்லாமே இப்படித்தான். கத்திப் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு விதியைக் கண்டுபிடிப்பான், அதன் மேல் ஏறி நின்றுகொள்வான்.

அம்பேத்கர் நூற்றாண்டு 1991இல் வந்தது. அதற்குப் பிறகு அவருடைய எழுத்துகள் தமிழில் தொகுதி தொகுதியாக வரத்தொடங்கின. என் சலூனில் ஏற்கெனவே விடுதலையும் முரசொலியும் கிடக்கும். திராவிட இயக்கம் சலூனிலும் டீக்கடையிலும் படிக்கப்பட்டு வளர்ந்தது என்பார்கள், அந்த வரிசையில் வந்த கடைதான் என்னுடையது. அவன் அதோடு அம்பேத்கர் தொகுதிகளைக் கொண்டுவந்து வைத்தான். பெரியாரா அம்பேத்கரா என்று நாங்கள் சண்டை போடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அவன் சட்டம் என்பான், நான் மனசு மாறவேண்டும் என்பேன். முடி வெட்டுகிறவன் கையில் கத்தி இருப்பதால் கடைசியில் அவன்தான் விட்டுக்கொடுப்பான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் நிறைவேறி, 1990 ஜனவரி 30இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கான விதிகள் 1995இல் வந்தன. சட்டத்தை நிறைய பேர் படித்தார்கள். அவன் விதிகளைப் படித்தான். அதில் ஐந்தாவது விதி அவனுக்கு மனப்பாடம். புகாரை எழுத்தில் பதியவேண்டும், வாசித்துக் காட்டவேண்டும், நகலை இலவசமாகக் கொடுக்கவேண்டும். நிலையப் பொறுப்பு அதிகாரி மறுத்தால், புகாரின் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். "தபாலில்" என்ற சொல்லைப் பார்த்ததும் அவனுக்கு வந்த சந்தோஷத்தை நான் நேரில் பார்த்தேன். "மாப்ள, சட்டத்துக்குள்ள நம்ம டிபார்ட்மெண்டையும் சேர்த்துட்டாங்கடா" என்று குதித்தான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கடையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவான். சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். எழுதிக் கொடுப்பான். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள், அதற்குச் சிலர் கிளம்புவார்கள். காவல் நிலையத்துக்குச் சிலர் போவார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்பான். "ரசீது வாங்கினியா?" நிலையத்தில் சி.எஸ்.ஆர். சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சனங்கள் அதையே வழக்குப் பதிவாகிவிட்டதென்று பத்திரமாக மடித்து வைத்திருப்பார்கள். "இது ஆறுதல் சீட்டு. எஃப்.ஐ.ஆர். நகல் வந்தாத்தான் வழக்கு" என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்வான். மனு எழுதுகிறவன் என்பதால் அவனை "மனு" என்றே சிலர் கூப்பிட ஆரம்பித்தார்கள். "மனுவை எதிர்த்து மனு எழுதுற ஒரே மனு நான்தான்" என்பான். இந்த ஜோக்கை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இனி யாரும் சொல்லமாட்டார்கள் என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு வழக்கை மட்டும் சொல்கிறேன். 1990களின் கடைசியில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நான்கு பையன்கள் வந்தார்கள். அங்கே இருந்த ஒரே சலூனில் அவர்களுக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார்கள். பி.சி.ஆர். சட்டப்படி தீண்டாமையின் பேரில் சேவை மறுப்பது குற்றம். நேராக எழுதினால் கடைக்காரர்தான் முதல் குற்றவாளி. அவர் என் சாதி. என் தூரத்து உறவும்கூட. என்ன எழுதப்போகிறான் என்று நான் பேசாமல் நின்றேன். அவன் பேனாவை மூடி வைத்துவிட்டு, "வா, மொதல்ல அந்த ஆளைப் போய்ப் பார்ப்போம்" என்றான்.

ராத்திரி போனோம். அந்த மனிதர் அழுதுவிட்டார். கடை இருக்கிற இடம் ஊர்ப் பெரியவர் ஒருவருடையது. வெட்டினால் காலி செய்யவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், யார் முன்னால் சொன்னார்கள் என்று இவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். திரும்பி வந்து விடிய விடிய எழுதினான். அந்தப் புகாரில் குற்றவாளிகள் மிரட்டியவர்கள், தூண்டியவர்கள். கடைக்காரர் சாட்சி.

நிலையத்தில் வாங்கவில்லை. கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால் போனது. ஆறாம் நாள், பின்னால் கையெழுத்தும் முத்திரையுமாக ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அந்த அட்டையின் நகலோடு அடுத்த மனு மேலே போனது. அதற்கும் அட்டை வந்தது. கடைசியில் டி.எஸ்.பி. அந்தக் கிராமத்துக்கு வந்து விசாரித்தார்.

வழக்கில் தண்டனை கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது, சாட்சிகள் சோர்ந்து போனார்கள். ஆனால் டி.எஸ்.பி. வந்து போன அடுத்த வாரம் அந்தப் பையன்கள் அந்தக் கடையில் முடி வெட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் வெட்டிக்கொள்கிறார்கள். 2015 திருத்தத்தில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் வன்கொடுமைச் சட்டத்திலேயே குற்றமாகச் சேர்க்கப்பட்டதைப் படித்தபோது, "நாம எழுதினது சரிதான் மாப்ள" என்று ஃபோன் போட்டுச் சொன்னான்.

அவன் எப்போதும் தைரியமாக இருந்தான் என்று நான் சொல்லமாட்டேன். 1997 ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் கொல்லப்பட்ட நாள். மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வந்த வழியில் நடந்தது அது. செய்தி வந்த அன்று அவன் கடைக்கு வந்து, பேசாமல் உட்கார்ந்திருந்தான். "ஆட்சியரைப் பார்த்துட்டு வந்தவங்கடா. நாம அனுப்புற மாதிரித்தான" என்று ஒரு தடவை சொன்னான். அதற்கு அடுத்த ஞாயிறு ஸ்டூலில் உட்காரவில்லை. அதற்கும் அடுத்த ஞாயிறு வந்தான். இனி மனு கொடுக்க யாரும் தனியாகப் போகவேண்டாம், போகும்போதும் வரும்போதும் யாருக்காவது தகவல் சொல்லவேண்டும் என்று ஒரு நோட்டு போட்டான். யார், எந்த பஸ், எத்தனை மணி. அந்த நோட்டு என் கடையில்தான் இருந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்து வருஷம் முறையாகத் தேர்தல் நடத்தவிடாமல் வைத்திருந்து, 2006இல்தான் நடந்தது. தேர்தல் நடந்து முடிந்த செய்தி வந்த அன்று, தன் காசில் கடையில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அவன் டீ வாங்கிக் கொடுப்பது அபூர்வம். அதனால் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் கைது நடைமுறைக்கு முன் அனுமதி, முன் விசாரணை என்று தடைகளை வைத்தபோது அவன் நொறுங்கிப்போனான். ஏப்ரல் 2இல் நாடு முழுக்க மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நாடாளுமன்றம் 18ஏ பிரிவைக் கொண்டுவந்தது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே அந்த உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது. "சட்டம் தானா நிக்காது. தினமும் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்" என்பான். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி அவன் கேட்ட கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடவேண்டும் என்று விதி சொல்கிறது, கடைசியாக எப்போது கூடியது?

அவனுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது கோகுல்ராஜ் கொலை. 2015 ஜூனில், கல்லூரியில் கூடப் படித்த பெண்ணோடு திருச்செங்கோடு கோவிலில் பேசிக்கொண்டிருந்ததற்காக அந்த இளைஞரைக் கடத்திக் கொன்றார்கள். 2022இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அவர்களில் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. கோவில் கண்காணிப்புக் கேமரா பதிவு அந்த வழக்கில் முக்கியச் சான்றாக நின்றது. தீர்ப்பு வந்த அன்று அவன் என்னிடம் கேட்டான். "நாம அந்தக் காலத்துல கடைவீதியில தோள்ல கை போட்டு நடந்தோமே, நம்மளை ஏன் விட்டாங்க தெரியுமா? நாம ரெண்டு பேரும் ஆம்பளை. அதுல ஒருத்தி பொண்ணா இருந்திருந்தா?" என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், சிநேகிதம் இந்த மண்ணில் சின்ன விஷயம் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதற்கே உயிரை எடுக்கிறார்கள் என்றால், அவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று நமக்குத் தெரியவேண்டும்.

அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரமும் சமத்துவமும் இயல்பாக நிற்காது என்ற பொருளில் பேசினார். தன் தத்துவத்தைப் புத்தரிடமிருந்து பெற்றதாகப் பின்னாளில் வானொலியில் சொன்னார். புத்தர் மொழியில் அது மைத்ரி. என் நண்பன் அதைத் தமிழில் எளிமையாகச் சொல்லுவான். "சட்டம் அவனை என்னைத் தொட விடாம அடிக்கிறதை நிறுத்தும். அவனை என் வீட்டுச் சோத்தைத் திங்க வைக்க சட்டத்தால முடியாது. அதுக்கு சிநேகிதம்தான் வேணும்." இரண்டில் ஒன்றை அவன் விட்டதே இல்லை. அட்டை வாங்கிய கையாலேயே சோறும் போட்டான். வழக்கு எழுதிக் கொடுத்த அந்தச் சலூன்காரர் இன்று இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். 1983இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தன் அப்பாவைக் கடைக்கு அழைத்துவந்தான். என் அப்பா அன்றைக்குக் கடையில் இருந்தார். நான் எழுந்திருப்பதற்குள் என் அப்பாவே துணியை உதறி அவர் மேல் போர்த்தினார். இரண்டு கிழவர்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. படிகாரக் கல்லைத் தேய்த்து, பவுடர் போட்டு, துணியை எடுத்ததும் அவன் அப்பா மடியிலிருந்து காசை எடுத்தார். என் அப்பா கை நீட்டி வாங்கிக்கொண்டார். களத்து மேட்டில் நெல் வாங்கியே பழகிய மனிதர், உழைப்புக்குக் காசு என்று அதிகமாக யாரிடமும் வாங்கியதில்லை. அந்தக் காசை அவர் செலவழிக்கவில்லை.

அவனிடம் குறை இல்லையா? உண்டு. ரம்மியில் சீட்டை ஒளிப்பான். டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போடுவான், டாக்டர் சொன்னதைக் கேட்கமாட்டான். இளையராஜா பாட்டு ஓடும்போது பேசினால் கோபித்துக்கொள்வான். வீட்டில் பாதி இடம் பேப்பர். அவன் மனைவி, என் தங்கச்சி மாதிரி, "இந்தக் குப்பையோட என்னைக் கல்யாணம் பண்ணி வச்சுட்டாங்க" என்பார். அந்தக் குப்பையில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய ஒப்புகை அட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

2025இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். அப்போது அவன் படுக்கையில் இருந்தான். செய்தியைப் படித்துக் காட்டினேன். "நான் ரிட்டயர்டு ஆனாலும் அது டூட்டி பார்க்குதுன்னு நினைச்சேன். அதுவும் ரிட்டயர்டு ஆயிருச்சா? சரி, பசங்ககிட்ட சொல்லு, ஸ்பீடு போஸ்ட்ல போட்டாலும் டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சி கேட்டு வாங்கச் சொல்லு" என்றான். உடம்பு முடியாத நேரத்திலும் அவனுக்கு அந்தக் கவலைதான்.

சாவுக்குத் தொழில் பார்க்க நான் எந்த வீட்டுக்கும் போவதில்லை. அது சாதி எங்கள் தலையில் கட்டிய வேலை, செய்யமாட்டேன் என்று கடை போட்ட புதிதிலேயே முடிவெடுத்தேன். அந்த முடிவுக்கு எனக்குத் துணை நின்றவனே அவன்தான். அவன் போன அன்று நான் அவன் வீட்டுக்குக் கத்தியோடு போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரும் எனக்குக் கூலி அளக்கவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் நான் பார்த்த முகம். தாடி வளர்ந்திருந்தது. மழித்துவிட்டேன். சிநேகிதன் சிநேகிதனுக்குச் செய்தது, அவ்வளவுதான்.

தம்பிகளே, தங்கைகளே, இந்தப் படத்துக்கு மாலை போடுவதோடு அவனை முடித்துவிடாதீர்கள். உங்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்பு விதிகள் தமிழில் கிடைக்கின்றன, உங்கள் ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாவது விதியை மனப்பாடம் செய்யுங்கள். அநியாயத்தைப் பார்த்தால் பதிவு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு பாதிக்கப்பட்டவரோடு நிலையத்துக்குப் போங்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கையில் வரும்வரை கூடவே நில்லுங்கள். மூன்றாவது, உங்கள் சாதி இல்லாத ஒருவரை முறை வைத்துக் கூப்பிடுகிற அளவுக்குச் சிநேகிதம் பிடியுங்கள். அவர் வீட்டில் சாப்பிடுங்கள், உங்கள் வீட்டுக்குக் கூட்டிவாருங்கள். உங்கள் வீட்டில் எந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

அவனுடைய ஸ்டூல் என் கடையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் உட்கார்ந்து எழுத ஆள் வேண்டும். சட்டம் படிக்கிற பிள்ளைகள் நான்கு பேர் இப்போதே என்னிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் வேண்டும். டீ நான் வாங்கித் தருகிறேன்.